முதலில் கால் கிளம்பட்டும்
உடற்பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பர்சனல் டிரெய்னர் எனப்படும் தனிப்பயிற்றுநர் ஆவது எப்படி என்று கேட்டவர்களும், பயிற்சியைத் தொடர முடியவில்லையே என்று வருந்தியவர்களும் வேறு வேறு ஆட்களாக இல்லை; பல கடிதங்களில் இரண்டையும் ஒருவரே கேட்டிருந்தார். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 29. அலுவலக வேலையில் இருக்கிறேன். தனிப்பயிற்றுநர் ஆக வேண்டும் என்பது சில ஆண்டுகளாகவே என் ஆசை. ஆனால், என்னாலேயே மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து பயிற்சி செய்ய முடிவதில்லை. ஆர்வமாகத் தொடங்குவேன்; ஏதோ ஒரு நாள் தடைபடும்; அத்தோடு நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. தன்னையே கிளப்பத் தெரியாத நான் பிறரைக் கிளப்பும் வேலைக்கு ஆசைப்படுவது நேர்மையா?

பதில்: நேர்மையா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரை இந்தத் தொழில் இழந்துவிடக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டு ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத் தொடங்கத் தெரிந்தவர்கள், தொடரத் தெரியாதவர்கள். சிறு வயது முதலே மைதானத்தில் வளர்ந்து, பயிற்சி செய்யாத நாளே இல்லை என்று வாழ்ந்த பயிற்றுநருக்கு, ஒருவர் மூன்றாம் வாரத்தில் ஏன் நின்றுவிடுகிறார் என்பது எளிதில் விளங்குவதில்லை. சோம்பல் என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுவார். உங்களுக்கோ அந்த மூன்றாம் வாரம் உள்ளும் புறமும் தெரியும். அதற்காக, இந்த நிலையிலேயே தொழிலுக்குள் வந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் ஆறு மாதம் நீங்களே உங்கள் மாணவராக இருங்கள்.

மனம் வந்தால் உடல் கிளம்பும் என்று காத்திருப்பதுதான் நீங்கள் செய்துவரும் பிழை என்று நினைக்கிறேன். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி என்னிடம் வரும் எல்லோருக்கும் சொல்வதுண்டு. சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகிய மூவரும் பல்கலைக்கழக மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரத்தில் ஒரு முறையேனும் 20 நிமிடம் தீவிரமாகப் பயிற்சி செய்கிறார்களா என்று பார்த்தார்கள். முதல் குழுவுக்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை. இரண்டாம் குழுவுக்கு இதய நோயைப் பற்றியும் அதைத் தடுப்பதில் உடற்பயிற்சிக்கு உள்ள பங்கைப் பற்றியும் மனத்தைத் தூண்டும்படி எழுதிய குறிப்பு படிக்கத் தரப்பட்டது. மூன்றாம் குழு அதே குறிப்பைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்பதையும் எழுதியது. முதல் குழுவில் 38 சதவீதம் பேரும் இரண்டாம் குழுவில் 35 சதவீதம் பேரும் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் குழுவில் 91 சதவீதம் பேர். தூண்டுதல் மட்டும் பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்களைவிட ஓர் அடிகூட முன்னே போகவில்லை.

எனவே, 'நாளை முதல் ஒழுங்காகச் செய்வேன்' என்று உறுதி எடுக்காதீர்கள். 'செவ்வாய்க்கிழமை காலை 6.30 மணிக்கு, பல் துலக்கியதும், முன்னறையில், ஸ்குவாட் இரண்டு செட், சுவரில் கைவைத்துப் புஷ்-அப் இரண்டு செட்' என்று தாளில் எழுதி, படுக்கையிலிருந்து கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அன்றைக்கு எழுந்ததும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலை எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. ஏனென்றால், அரைத் தூக்கத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் போர்வைக்குச் சாதகமாகவே அமையும்.

இது எனக்கே நேர்ந்ததுதான். தொழிலுக்கு வந்த ஐந்தாம் ஆண்டில், நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு நான்கு மாதம் என் பயிற்சியை விட்டுவிட்டேன். பகலெல்லாம் பிறருக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த நான், என் உடம்பைத் தொடவே இல்லை. மீண்டும் தொடங்கலாம் என்று நினைத்த ஒவ்வொரு நாளும், பழைய எடையைத் தூக்க முடியாதே என்ற எண்ணமே என்னை உட்காரவைத்தது. கடைசியில் ஒரு மாலை, பயிற்சி என்றே நினைக்காமல், ஷூவை மாட்டி இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். ஏழு நிமிடம் ஆயிற்று. மறுநாளும் அதே ஏழு நிமிடம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், திரும்பி வரும்போது, கால் வீட்டு வாசலில் நிற்காமல் தாண்டி நடந்தது. மனம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் தடைபட்டால் அத்தோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, 22-ஆம் நாள் மனம் ஒத்துழைக்காதபோது தன்னையே நொந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மூன்று வாரமும் அந்தக் கணக்கில்தான் முறிகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் தெரியவந்தது. தவறிய நாளைவிட, 'எல்லாம் போயிற்று' என்று மறுநாள் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் பயிற்சியைக் கெடுக்கிறது. நான் வைத்திருக்கும் விதி எளியது: ஒரு நாள் தவறலாம், அடுத்த முறையும் சேர்ந்து தவறக் கூடாது. நேரமே இல்லையென்றால் ஐந்து நிமிடமாவது செய்து, நோட்டில் தேதியைப் போட்டுவிடுங்கள். பிற்காலத்தில் உங்களிடம் வருபவர் தலைகுனிந்து, 'இரண்டு வாரமாக வர முடியவில்லை' என்று சொல்லும் நாளில், அந்த நோட்டு உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும்.

கேள்வி: தனிப்பயிற்றுநர் ஆக எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்? அறிவியல் படிக்காத எனக்கு உடற்கூறு பாடம் ஏறுமா?

பதில்: பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயமில்லை. அதனாலேயே வார இறுதி இரண்டு நாளில் சான்றிதழ் தருபவர்களும் இருக்கிறார்கள். பல மாதம் படிக்கவைத்துக் கடுமையாகத் தேர்வு வைப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழை வேறொரு சுதந்திரமான அமைப்பு மதிப்பிட்டு ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். 1954-இல் தொடங்கிய ஏ.சி.எஸ்.எம். எனும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு, 1978-இல் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ., இவற்றோடு ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். ஆகியவை சான்றிதழ் தரும் அமைப்புகளில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் தனிப்பயிற்றுநர் சான்றிதழ்கள் என்.சி.சி.ஏ. எனும் மதிப்பீட்டுக் குழுவின் ஏற்பைப் பெற்றவை. பொதுவாக 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சான்றிதழை இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இத்துறையில் தொடர்ந்து படித்துவருவதைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று முதலில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

உடற்கூறு ஏறுமா என்ற பயம் வேண்டாம். நானும் வணிகவியல் படித்துவிட்டு வந்தவன்தான். தசைகளின் பெயரைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். அசைவோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். இடது கையால் வலது மேற்கையைப் பிடித்துக்கொண்டு முழங்கையை மடக்கிப் பாருங்கள்: முன்பக்கத்தில் திரண்டு எழுவது பைசெப்ஸ். கையை நீட்டி மேசையை அழுத்துங்கள்: பின்பக்கத்தில் இறுகுவது டிரைசெப்ஸ். ஒரு மூட்டின் ஒருபுறம் இழுக்கும்போது மறுபுறம் விட்டுக்கொடுக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்த பிறகு, புத்தகத்தில் உள்ள படம் புதிதாக இருக்காது.

தேர்வு பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் இருக்கும். ஆகவே, தேர்வில் தேறியவருக்கும் ஓர் ஆளை முன்னால் நிறுத்தி வேலை வாங்கத் தெரியாமல் போகலாம். முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் மடக்கிக் குனிவதை எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து எடை தூக்கும் பயிற்சிகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை. 'முதுகை நேராக வையுங்கள்' என்று நூறு முறை சொன்னாலும், குனிபவருக்குத் தன் முதுகு தெரியாது. நான் ஒரு நீளக் கம்பை அவர் முதுகோடு சேர்த்து நிறுத்தி, பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம் ஆகிய மூன்று புள்ளியிலும் தொடச் செய்வேன். 'கம்பு மூன்று இடத்திலும் ஒட்டியிருக்கட்டும். பின்னால் ஒரு கதவு திறந்திருக்கிறது, அதைப் புட்டத்தால் தள்ளிச் சாத்துங்கள்' என்பேன். முதல் முறை தலை விலகும், இரண்டாம் முறை இடுப்பு விலகும், மூன்றாம் முறையோ நான்காம் முறையோ உடல் புரிந்துகொள்ளும். இந்தக் கைப்பழக்கம் வர, அனுபவமுள்ள ஒரு பயிற்றுநரின் பக்கத்தில் சில மாதம் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சான்றிதழ் கையில் கிடைத்தவுடன் தனியாகத் தொழில் தொடங்கிவிடாமல், அந்த வாய்ப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் பயிற்சிக்கு முன் அவருடைய உடல்நிலையைக் கேட்டறிய வேண்டும். பார்-க்யூ என்ற படிவம் இதற்காகவே பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவருகிறது: இதயக் கோளாறு, நெஞ்சு வலி, தலைச்சுற்றல், எலும்பு அல்லது மூட்டுத் தொல்லை, இரத்த அழுத்த மருந்து என்று கேட்டுக்கொண்டே போகும். ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் மருத்துவரின் சொல் கிடைக்கும் வரை காத்திருங்கள். நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் நம் வேலை அல்ல. பழக்கமில்லாத உடலை முதல் நாளிலேயே வரம்பு மீறி வருத்தினால், தசை சிதைந்து அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ரேப்டோமயோலிசிஸ் என்ற ஆபத்து நேரலாம். கடும் வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று இருந்துவிடாமல், அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: கட்டுமஸ்தான உடம்பு இருந்தால்தான் ஆட்கள் தேடி வருவார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: முதல் நாள் வருவதற்கு அது உதவக்கூடும். மூன்றாம் மாதமும் வருவதற்கு உதவாது. சொன்ன நேரத்துக்கு வந்து, சென்ற முறை எத்தனை கிலோ, எத்தனை முறை என்பதை நோட்டில் பார்த்துத் தொடங்கி, அந்த ஒரு மணி நேரமும் கைப்பேசியைத் தொடாமல் பக்கத்தில் நிற்பவரையே மக்கள் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஓராண்டாகத் தனிப்பயிற்றுநராக இருக்கிறேன். சேருபவர்களில் பலர் இரண்டாம் மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். நன்றாகத்தான் வேலை வாங்குகிறேன், ஊக்கமாகவும் பேசுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: 'நன்றாக வேலை வாங்குகிறேன்' என்ற இடத்திலிருந்தே தொடங்குவோம். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி அன்றே தெரியாது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். நீங்கள் பார்க்கும்போது சிரித்துக்கொண்டே போனவர், மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். பயிற்சி என்றாலே அவருக்கு இனி அந்த மாடிப்படிதான் நினைவுக்கு வரும். முதல் இரண்டு வாரம், 'இவ்வளவுதானா?' என்று அவரே கேட்கும் அளவுக்குக் குறைவாகக் கொடுங்கள். அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போகிறவர் நிச்சயம் திரும்பி வருவார்.

அடுத்தது ஊக்கப் பேச்சு. மதுப் பழக்கத்திலிருந்து மீள விரும்பியவர்களிடம் பணியாற்றிய வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஓர் உரையாடல் முறை வளர்ந்தது. மாற வேண்டிய காரணத்தை நாம் அடுக்க அடுக்க, எதிரில் இருப்பவர் மாறாமல் இருப்பதற்கான காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். அவர் வாயாலேயே காரணம் வரும்படி கேட்பதுதான் பலன் தரும் என்பது அதன் சாரம். 'நீங்கள் கட்டாயம் எடை குறைக்க வேண்டும்' என்று சொன்னால் தலையாட்டுவார். 'இதையெல்லாம் செய்து முடித்தபின், இப்போது முடியாத எதை நீங்கள் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்மணி நெடுநேரம் யோசித்துவிட்டு, 'பேரனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு, யாரும் கைகொடுக்காமல் எழுந்திருக்க வேண்டும்' என்றார். அன்றோடு எடை இயந்திரத்தை ஓரமாக வைத்தோம். தரையில் உட்கார்வது, ஒரு முழங்காலை ஊன்றுவது, எழுவது என்பதையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பயிற்சியாக்கினோம். அவர் என்னிடம் நான்கு ஆண்டு இருந்தார்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று தேவைகள் நிறைவேறினால் ஒரு செயல் உள்ளிருந்தே தொடரும் என்கிறார்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மை மதிக்கும் ஒருவர் உடன் இருக்கிறார் என்ற உணர்வு. தேர்வு என்பது பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. 'இன்று முதலில் காலா, தோளா?' என்று கேட்டாலே போதும். முடிகிறது என்ற உணர்வுக்கு எண்களைக் காட்டுங்கள். முதல் சில வாரத்தில் கூடும் வலிமை பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவது அல்ல, நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றதால் வருவது. ஆகவே கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அந்த நாட்களிலும் தூக்கும் எடை கூடிக்கொண்டே போகும். அதை நோட்டில் காட்டாவிட்டால் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒருவர் வராமல் போனால் என்ன செய்தி அனுப்புகிறீர்கள் என்பதையும் எடுத்துப் பாருங்கள். 'ஏன் வரவில்லை?' என்பது அவரைக் கூண்டில் நிறுத்துகிறது. 'வியாழக்கிழமை அதே நேரம் உங்களுக்காக வைத்திருக்கிறேன், அரை மணி நேரம் மட்டும் மெதுவாகச் செய்வோம்' என்பது கதவைத் திறந்துவைக்கிறது. விடுமுறைக்குப் பிறகும் பயணத்துக்குப் பிறகும் ஆட்கள் நின்றுபோவது இயல்பு. எனவே, அவர் விடைபெறும்போதே திரும்பி வரும் தேதியை இருவரும் சேர்ந்து குறித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. பயிற்றுநராகப் படித்துவரும் என் மகள், என்னைத் தன் முதல் மாணவராக்கப் பார்க்கிறாள். வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். இனிமேல் தொடங்கிப் பயன் உண்டா? அவளிடம் மறுக்கவும் மனம் வரவில்லை.

பதில்: மறுக்காதீர்கள் ஐயா. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததைக் காட்டினார். நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள் அல்லர். உலகச் சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, தடுமாறி விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது சேர்க்கச் சொல்கிறது. அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மகள் முன்னால் சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று அவர் எண்ணட்டும். எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை. அதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இடையில் மகள் திருத்தம் சொன்னால், அந்த அரை மணி நேரத்துக்கு அவர் உங்கள் பயிற்றுநர் என்று வைத்துக்கொண்டு சொன்னபடி செய்யுங்கள். எங்கே வலிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புதிய பயிற்றுநர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. நான்கு வாரம் கழித்து, அதே நாற்காலியில் மறுபடியும் எண்ணிப் பார்த்து, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.